சாவு வீட்டில் கடன் ஏறக் கூடாது

(மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய தொழிலாளர் குடும்பங்களின் முன், கிளிநொச்சியில் நமது சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



இன்றைக்கு என்ன பேசப் போகிறீர்கள் என்று காலையில் சிலர் கேட்டார்கள். சாவுச் செலவைப் பற்றி என்று சொன்னோம். "வேற பேச்சே கிடைக்கலையா?" என்று ஒரு அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரும் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார். நன்றி அம்மா.

சம்பளம் பேசுகிறோம், காணி பேசுகிறோம், லயத்துக் கூரை பேசுகிறோம். ஒரு தொழிலாளியின் குடும்பம் ஒரே நாளில் கடனில் விழுவது எப்போது என்று எண்ணிப் பாருங்கள். கலியாணத்துக்கு நாள் குறிக்கிறோம், ஆறு மாதம் சேர்க்கிறோம். பிள்ளை பிறக்கப் போவது பத்து மாதம் முன்னாலேயே தெரியும். சாவுக்கு மட்டும் விடியற்காலை நாலு மணிக்குக் காசு தேட வேண்டியிருக்கிறது. அந்த நாலு மணிக்கு வட்டி என்ன என்று யாரும் கேட்பதில்லை. தோடு அடகுக்குப் போகும். இல்லாவிட்டால் நுண்கடன் கம்பனியின் அடுத்த கிழமைத் தவணைக் காசு செலவாகிவிடும். பிணம் எரிந்து முப்பது நாள் ஆவதற்குள் வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும். பள்ளிக்கூடத்தில் நிற்கிற எங்களுக்கு இந்தக் கடனின் மறுபக்கம் தெரியும். தகப்பன் செத்து மூன்றாம் மாதம் மூத்த பையன் வகுப்பில் இருக்க மாட்டான். கேட்டால், கொழும்பில் கடையில் நிற்கிறான் என்பார்கள்.

இந்த மண்ணில் சாவைப் பற்றிப் பேசும்போது வார்த்தையை எண்ணித்தான் பேச வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். 2009 இல் முள்ளிவாய்க்காலில் உறவுகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு நடந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். பிள்ளை இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல், 2017 பெப்ரவரி 20 இலிருந்து கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்னால் உட்கார்ந்த தாய்மாரும் உங்கள் ஊர்க்காரர்கள்தான். கொள்ளி வைக்க உடல் கிடைப்பதே ஒரு பேறு என்று நினைக்கிறவர்களிடம் செலவுக் கணக்குப் பேசுவது சின்ன விஷயம்போலத் தெரியலாம். எங்கள் எண்ணம் வேறு. அத்தனையும் பார்த்த குடும்பம், சாதாரணமாகக் கட்டிலில் படுத்துச் சாகிற ஒரு கிழவியை அனுப்பிவைக்கக் கடன்காரனிடம் கை நீட்டக் கூடாது.

நம்முடைய சரித்திரத்திலும் இது புதிதில்லை. நம்முடைய முன்னோர் தலைமன்னாரில் இறங்கி, மன்னார்க் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பாதையோரத்திலேயே விழுந்தவர்கள் ஏராளம். அவர்களை எரிக்கவும் ஆள் இல்லை, புதைக்கவும் ஆள் இல்லை. கூட வந்தவர்கள் நின்றால் அவர்களும் விழ வேண்டியதுதான். 2023 இல் இருநூறு வருட நினைவாக ஜூலை 28 தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12 மாத்தளையில் முடிந்த நடைபயணம் அந்த வழியை நினைவுபடுத்தத்தான். பிறகு 1974 ஐ ஒட்டிய பஞ்சத்திலும், 1977, 1981, 1983 அடிகளிலும் மலையிலிருந்து திரும்ப இந்தப் பக்கம் வந்தோம். காந்தியம் அமைப்பு பலரை வவுனியாவில் குடியேற்றியது. அதை முன்னின்று நடத்தியவர்கள் கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் வைத்தியர் இராஜசுந்தரமும். இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். மலையாளபுரம், பாரதிபுரம், கிருஷ்ணபுரம் என்று இங்கே குடியிருப்புகள் எழும்பின. வந்தவர்கள் பானை சட்டி கொண்டுவந்தார்கள். தோட்டத்தில் இருந்த ஒரு ஏற்பாட்டை மட்டும் கொண்டுவர முடியவில்லை.

அந்த ஏற்பாடு என்ன? தோட்டத்தில் ஒரு லயத்தில் சாவு விழுந்தால் தப்புச் சத்தம் அடுத்த டிவிசனுக்குக் கேட்கும். இளந்தாரிகள் கேட்காமலேயே மண்வெட்டியோடு போவார்கள். வீட்டுக்கு வீடு காசும் அரிசியும் வரும். பல தோட்டங்களில் மரண உதவிக்கென்று சம்பளத்தில் மாதாமாதம் பிடிப்பதும் உண்டு. எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே இருந்ததால் நடந்தது. இங்கே வீடு தனித்தனி. பக்கத்து வளவில் இழவு என்பது மறுநாள்தான் தெரியவருகிறது. நீங்கள் கூலி வேலைக்குப் போகிற காணிக்காரர் பெயரேடு போடுவதில்லை, ஒன்றும் பிடிப்பதுமில்லை, கட்டுவதுமில்லை. மலையில் லயம் தானாகச் செய்ததை இங்கே நாமாக உட்கார்ந்து செய்ய வேண்டியிருக்கிறது.

செலவு எங்கே ஏறுகிறது என்று பார்ப்போம். கட்டை அடுக்குகிற இடத்தில்தான் பெரிய செலவு என்று நினைக்கிறோம். அப்படியில்லை. முதல் செலவு வாகனம். நோய் முற்றினால் கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புகிறார்கள், வவுனியாவிலிருந்து அநுராதபுரத்துக்கு. உயிரோடு போகும்போது அம்புலன்ஸ் இலவசம். உயிர் போன பிறகு A9 வீதியில் திரும்ப வருவதற்கு வான்காரர் சொல்வதுதான் விலை. தமிழ்நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரியில் இறந்தால் உடலை வீடு கொண்டுசேர்க்க இலவச ஊர்தி உண்டு. இங்கேயும் அதைக் கேட்டு வாங்க வேண்டும், அது சங்கத்தின் கோரிக்கைகளில் ஒன்று. கிடைக்கும் வரைக்கும், ஊரில் வான், லொறி வைத்திருக்கிற இரண்டு பேரிடம் இப்போதே பேசி, டீசலும் டிரைவர் கூலியும் என்று ஒரு கணக்கு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். உயிரோடு இருக்கிற நாளில் பேசுகிற விலை வேறு, பிணவறை வாசலில் பேசுகிற விலை வேறு.

இரண்டாவது செலவு, காத்திருப்பு. ஹட்டனில் தங்கச்சி, மஸ்கெலியாவில் சித்தப்பா, கனடாவில் மருமகன். எல்லாரும் வர வேண்டும் என்று வைத்தால் மலர்ச்சாலைக்காரர் உடலைப் பதப்படுத்த வேண்டும், பெட்டி கொஞ்சம் நல்லதாக வேண்டும், பந்தல் மூன்று நாளைக்கு வேண்டும், லைட் வேண்டும், வருகிற சனத்துக்குத் தேத்தண்ணீர், சோறு. ஒரு நாள் கூடினால் அத்தனையும் கூடுகிறது. மலையிலிருந்து பஸ் பிடித்து வர ஒரு முழு நாள் போதும். அதற்கு மேல் வைப்பதா என்று வீட்டுக்காரர் அந்த நேரத்தில் சொல்ல முடியாது. சொன்னால் "அவசரமா தூக்கிட்டாங்க" என்று பேச்சு வரும். ஊர்ச் சங்கம் முன்கூட்டியே முடிவெடுத்திருந்தால் அந்தப் பழி வீட்டுக்காரர் தலையில் விழாது.

மூன்றாவதுதான் விறகு. ஒரு உடல் எரிய சுமார் 400, 500 கிலோ விறகு வேண்டும். சுற்றிலும் காடு என்று நினைக்காதீர்கள், பாலை மரத்தில் கோடாலி வைத்தால் வன இலாகா வரும். மாரியில் இன்னும் கஷ்டம். ஈர விறகு எரியாது, மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டும். 2022 ஓகஸ்டில் ஒரே இரவில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போனதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சிலர் டயர் போடுகிறார்கள். அந்தப் புகை சுடலைக்குப் பக்கத்து வீட்டுக் குழந்தையின் நெஞ்சுக்குள் போகும், தயவுசெய்து வேண்டாம். இந்தியாவில் மோக்ஷ்டா என்று ஒரு அமைப்பு, தரைக்கு மேலே உயர்த்திய இரும்புத் தட்டில் விறகை அடுக்கி, கீழிருந்து காற்றுப் போகவிட்டு 150, 200 கிலோவிலேயே வேலையை முடிக்கிற மேடைகளைக் கட்டியது. நம்மால் அந்த அளவு கட்ட முடியாவிட்டாலும், ஒட்டுப் பட்டறையில் சொல்லி ஒரு இரும்புத் தட்டு செய்துவைக்கலாம். அதோடு தகரக் கூரை போட்ட ஒரு கொட்டிலில் ஒரு சாவுக்கான காய்ந்த விறகும் சிரட்டையும் எப்போதும் இருக்கட்டும். எடுத்தால் அடுத்த ஞாயிறு நிரப்ப வேண்டும்.

வவுனியா நகரப் பக்கம் இருப்பவர்களுக்குப் பூந்தோட்டத்துத் தகன மயானம் உண்டு, யாழ்ப்பாணத்துக்குப் போனவர்களுக்குக் கோம்பயன் மணல். கட்டணம் எவ்வளவு, வெளிப் பிரதேசத்தவருக்கு வேறு கட்டணமா, யாரிடம் பதிவது என்று இப்போதே விசாரித்து எழுதிவையுங்கள். உடலை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அங்கே கொண்டுபோவது, வீட்டுக்குக் கொண்டுவந்து விறகில் எரிப்பதைவிட மலிவாக முடிகிற நேரமும் உண்டு.

எரிப்பதா புதைப்பதா என்ற பேச்சும் வருகிறது. மலையில் நம்மில் பலர் புதைப்பதுதான் வழக்கம். இங்கே வந்த பிறகு, புதைத்தால் அக்கம்பக்கத்தார் குறைவாக நினைப்பார்கள் என்று கடன் வாங்கி எரித்தவர்கள் உண்டு. அந்தக் கூச்சம் தேவையில்லை. நம்மில் வேதக்காரர்களும் இருக்கிறார்கள். எதுவானாலும் குடும்பத்தின் முடிவு. மற்றவன் முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதை 2020 இல் இந்த நாடே பார்த்தது. கொரோனாவில் இறந்த முஸ்லிம்களையும் கட்டாயம் எரிக்க வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்டது. 2021 பெப்ரவரியில்தான் விட்டுக்கொடுத்தது, பிறகு ஓட்டமாவடியில் புதைத்தார்கள். 2024 இல் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. எரிந்தவர்களுக்கு அது என்ன செய்யும்?

இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுடலைக்கென்று விட்ட காணி உங்கள் ஊரில் எங்கே இருக்கிறது, பிரதேச சபையின் பதிவில் இருக்கிறதா, அல்லது யாரோ ஒருவருடைய வாய்ச்சொல்லில் இருக்கிறதா? போய்க் கேளுங்கள். குடிமனை நெருங்கிய பிறகு பிரச்சினை கிளம்பினால் எவ்வளவு சிக்கல் என்பதற்கு, 2017 இல் யாழ்ப்பாணம் புத்தூரில் கலைமதி கிராம மக்கள் தங்கள் வீடுகளுக்கு நடுவே இருந்த கிந்துசிட்டி மயானத்தை எதிர்த்து நடத்திய போராட்டமே சாட்சி. அங்கே சாதியும் சேர்ந்து வேலை செய்தது. நமக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

இனி முக்கியமான விஷயம், காசு. இரண்டு வகைக் காசு இருக்கிறது. ஒன்று ஆறு மாதத்தில் வருகிற காசு. மற்றது ஆறு மணித்தியாலத்தில் வர வேண்டிய காசு. தோட்டத்தில் பெயர் பதிந்த தொழிலாளி இறந்தால் குடும்பத்துக்கு ஊழியர் சேமலாப நிதி வரும். தொழிலாளியின் 8 வீதமும் தோட்டத்தின் 12 வீதமும் சேர்ந்தது. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி 3 வீதம், அதில் வேலையில் இருக்கும்போது இறந்தவருக்கு மரணக் கொடுப்பனவும் உண்டு. ஐந்து வருடம் முடிந்திருந்தால், 1983 ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் பணிக்கொடை. எல்லாம் உரிமை, ஒரு சதமும் விடக் கூடாது. ஆனால் ஒன்றும் முதல் நாள் கைக்கு வராது. இங்கே கூலிக்குப் போகிறவர்களுக்கு அதுவும் இல்லை. ஆறு மணித்தியாலக் காசை ஊர்தான் உண்டாக்க வேண்டும்.

மரண உதவிச் சங்கம் என்பது அதுதான். சிங்களக் கிராமங்களில் நெடுங்காலமாக நடக்கிறது. தென்னாபிரிக்காவில் சுரங்கத்துக்கும் நகரத்துக்கும் வேலைக்குப் போன கறுப்புத் தொழிலாளர்கள், வேற்றூரில் செத்தால் சொந்த ஊருக்குக் கொண்டுபோக வேண்டுமே என்று இதே மாதிரிச் சங்கங்களைக் கட்டினார்கள். ஊர் விட்டு ஊர் போன தொழிலாளி எங்கேயும் இதைத்தான் முதலில் யோசித்திருக்கிறான்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறோம். 80 குடும்பம், மாதம் 200 ரூபா. மாதத்துக்கு 16,000, வருடத்துக்கு 1,92,000. ஒரு சாவுக்கு 50,000 கொடுத்தால், வருடத்தில் மூன்று சாவு வந்தாலும் 1,50,000. மீதி 42,000. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த 1350 ரூபா நாட்சம்பளத்தில் பார்த்தால், அந்த 50,000 என்பது 37 நாள் உழைப்பு. 200 ரூபா ஒரு நாளில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. ஐந்து சாவு வந்தால்? காசு தட்டும். அதனால்தான் முதல் வருடம் கொடுப்பதைக் குறைத்து, 30,000 என்று தொடங்குங்கள். கையிருப்பு ஏறிய பிறகு கூட்டலாம். கூட்டிவிட்டுக் குறைப்பதுதான் சண்டையைக் கொண்டுவரும்.

விதிகளை எழுதிவையுங்கள். யார் யார் சேர்த்தி? வீட்டில் இருக்கிற தாய் தகப்பன் சேர்த்தியா, கட்டிக்கொடுத்த மகள் சேர்த்தியா, தனியாக இருக்கிற கிழவர் தன் பெயரில் சேரலாமா, செத்துப் பிறந்த குழந்தைக்கு என்ன? இதையெல்லாம் சாவு விழுந்த பிறகு பேசினால் மனிதர்கள் கெட்டவர்கள் ஆகிவிடுவார்கள். சந்தா நிலுவை இருந்தாலும் அந்த நேரத்தில் காசை மறுக்காதீர்கள், நிலுவையைக் கழித்துக்கொண்டு கொடுங்கள். வங்கிப் புத்தகத்தில் இரண்டு கையெழுத்து, அதில் ஒன்று கட்டாயம் ஒரு பெண்ணுடையது. சாவு சனி ஞாயிறு பார்த்து வருவதில்லை, ஆகவே ஒரு சாவுக்கான காசு மட்டும் இரண்டு பூட்டுப் போட்ட பெட்டியில் ஊரிலேயே இருக்கட்டும், இரண்டு சாவியும் இரண்டு வீட்டில். காசைக் கொடுக்கும்போது வீட்டுக்காரியின் கையில் கொடுங்கள். அண்ணன் தம்பி, மச்சான் என்று பந்தலுக்கு வெளியே நிற்கிறவர்கள் கையில் போனால் பாதி போத்தலுக்குப் போகும். எல்லாருக்கும் தெரிந்ததைத்தான் சொல்கிறோம், சிரிக்க வேண்டாம்.

இந்தக் காசில் யாருக்கும் கடன் கொடுக்கக் கூடாது. எவ்வளவு நல்லவரானாலும், எவ்வளவு அவசரமானாலும். கடன் சங்கம் வேண்டுமானால் தனியாக வைப்போம். மரணக் காசு கடனுக்குப் போன ஊரில் மரணச் சங்கம் மிஞ்சியதில்லை.

மீதிக் காசில் சாமான் வாங்குங்கள். தறப்பாள், கதிரை, பெரிய பானை, விளக்கு, பாடைத் தடி. வாடகைக்கு எடுப்பது ஒவ்வொரு சாவிலும் போகிற காசு. எட்டுக்கும் முப்பத்தொன்றுக்கும், மலை வழக்கத்தில் பதினாறாம் நாள் கருமாதி வைக்கிறவர்களுக்கும் அதே சாமான் உதவும். பனர் அடிப்பதையும் பட்டாசையும் சங்கம் தன் செலவில் ஏற்கக் கூடாது என்பது எங்கள் அபிப்பிராயம். சுவர் முழுக்கக் கண்ணீர் அஞ்சலி ஒட்டிவிட்டு விதவைக்கு அரிசி இல்லை என்றால் அது யாருக்கு அஞ்சலி? ஒரு இடத்தில் மட்டும் கை சுருக்காதீர்கள். தப்பு அடிக்கிறவரும் சுடலையில் கட்டை பார்க்கிறவரும் தொழிலாளிகள். அவர்கள் கூலியைப் பேரம் பேசாமல், தள்ளி நிற்க வைக்காமல் கொடுக்க வேண்டும். தொழிற்சங்கம் இதைச் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

கடைசியாகக் கடதாசி. வீட்டில் சாவு என்றால் கிராம அலுவலருக்கு உடனே அறிவியுங்கள். பாம்பு கடித்தது, யானை அடித்தது, கிணற்றில் விழுந்தது என்றால் திடீர் மரண விசாரணை அதிகாரி வர வேண்டும், அதுவரைக்கும் உடலை எடுக்க முடியாது. இறப்புப் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். அந்த அத்தாட்சிப் பத்திரம் இல்லாமல் சேமலாப நிதியும் இல்லை, காணிப் பெயர் மாற்றமும் இல்லை. நம் ஆட்களுக்குப் பெரிய வில்லங்கம் பெயர்தான். பிறப்புப் பதிவில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், தோட்டத்துப் பேரேட்டில் மூன்றாவது பெயர். ராமாயி, இராமாய், ராமாயம்மா மூன்றும் ஒரே ஆள் என்று நமக்குத் தெரியும், கந்தோருக்குத் தெரியாது. ஆள் உயிரோடு இருக்கும்போது கிராம அலுவலரிடம் கடிதம் எடுத்துத் திருத்துவது சுலபம். சேமலாப நிதியில் பின்னுரித்தாளி பெயரையும் பாருங்கள். கலியாணத்துக்கு முன்னால் அம்மா பெயரைக் கொடுத்தவர்கள், இப்போது புதிதாக எழுதிக் கொடுங்கள்.

வவுனியாப் பக்கம் சிறுநீரக வியாதியோடு வாரத்துக்கு இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதெல்லாம் நம்மைவிட நன்றாகத் தெரியும். மூத்தவர்களிடம் கேட்க வீட்டில் பயப்படுகிறீர்கள். கேட்டுப் பாருங்கள், "எத்தனை நாள் வைக்கணும், எங்க வைக்கணும், யாரு கொள்ளி" என்று அவர்களே தெளிவாகச் சொல்வார்கள். "பெட்டிக்குக் காசு கொட்டாதே, சின்னவள் படிக்கட்டும்" என்று சொல்கிறவர்களும் உண்டு. இரண்டு பேர் முன்னால் சொன்னால் அந்த வார்த்தைக்குப் பிறகு மறுபேச்சு இருக்காது.

வாசல் மேசையில் ஒரு கொப்பி இருக்கிறது. குடும்பத் தலைவர் பெயர், வீட்டில் எத்தனை பேர், அறுபது வயதுக்கு மேல் எத்தனை பேர் என்று மூன்று வரிதான். இன்று யாரும் காசு கொடுக்க வேண்டாம். 40 குடும்பம் சேர்ந்தால், அடுத்த மாதம் முதல் ஞாயிறு பாடசாலை மண்டபத்தில் விதிகளை வாசித்து, ஒவ்வொன்றாகக் கை தூக்கி எடுப்போம். தலைவரும் பொருளாளரும் இங்கிருந்து வரட்டும், நாங்கள் கணக்குக் கொப்பி எழுதப் பழக்கிவிட்டுப் போகிறோம். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க நம் பிள்ளைகள் இரண்டு பேர் மேசையில் இருக்கிறார்கள்.